பட்டியல் போடும் அரசு

(பல்கலைக்கழகப் பொருளியல் துறையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



வளரும் நாடுகளில் பொது நிர்வாகம் என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு மாலையில் பேசி முடிக்கிற தலைப்பு அல்ல அது. வரி, காவல், நீதிமன்றம், நகராட்சி, நீர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தனியாக ஒரு சொற்பொழிவு தேவைப்படும். அதனால் அரசு செய்கிற ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நலத்திட்டம் அறிவிக்கப்படுகிறது. தகுதியுள்ள ஏழைகளுக்கு மட்டும் என்று ஒரு வரி அதில் சேர்கிறது. பிறகு அந்த ஏழைகள் யார் யார் என்று அரசு பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியல் போடும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மக்களின் வருமானத்தை அறிய வழியில்லாத ஓர் அரசு, வருமானத்தைப் பார்த்து ஆள் பொறுக்க முனைந்தால், அதனால் மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதி ஏழையின் பங்கிலிருந்தே மிச்சமாகிறது. ஆகவே உணவு, பள்ளி, மருத்துவம், பேருந்து போன்ற அடிப்படைகளை எல்லாருக்கும் பொதுவாக வைப்பதுதான் நம் போன்ற நாடுகளுக்கு ஏற்ற வழி. பட்டியல் இல்லாமல் முடியாது என்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே, விடுபட்டவரைத் தேடிப்போகும் கடமை அரசின் மேல் சட்டப்படி சுமத்தப்பட வேண்டும்.

1. வருமானம் தெரியாத அரசு

பணக்கார நாடுகளில் பெரும்பாலோருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. முதலாளி வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறார். ஆண்டு இறுதியில் கணக்குத் தாக்கல் ஆகிறது. ஒரு குடும்பத்தின் வருமானம் என்ன என்று அரசு கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது. இந்தியாவில் உழைப்போரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாரா வேலையில் இருக்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகிறவர், பூக் கட்டி விற்பவர், கூலிக்குத் தறி ஓட்டுபவர், ஆடு மேய்ப்பவர் – இவர்களிடம் உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. மழை பெய்த மாதம் ஒன்று, பெய்யாத மாதம் ஒன்று.

ஆனாலும் நம்மிடம் வருமானச் சான்றிதழ் இருக்கிறது. இ-சேவை மையத்தில் பதிவு செய்கிறோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று படி ஏறி அது வருகிறது. அதில் எந்தத் தொகை எழுதப்படும் என்பது எந்தத் திட்டத்துக்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. இது இந்த அரங்கில் உள்ள எல்லாருக்கும் தெரியும். நான் கிராம நிர்வாக அலுவலரைக் குறை சொல்லவில்லை. அடங்கல், பட்டா, வெள்ள நிவாரணக் கணக்கு, தேர்தல் வேலை எல்லாம் அவர் தலையில்தான் விடிகிறது. ஒரு கிராமத்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் வரவையும் கண்டுபிடித்துச் சான்று தரச் சொன்னால் எந்த மனிதராலும் முடியாது. முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு முத்திரையை மட்டும் கேட்கிறோம்.

வருமானத்தை அறிய முடியாது என்று தெரிந்ததும் அடையாளங்களைத் தேடத் தொடங்கினார்கள். 2002-இல் நாடு முழுதும் கிராமங்களில் நடந்த வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. எவ்வளவு நிலம், எப்படிப்பட்ட வீடு, தலைக்கு எத்தனை உடுப்பு, கழிப்பறை உண்டா, யாரிடம் கடன் என்று கேட்டார்கள். மதிப்பெண் குறைவாக இருந்தால் ஏழை. கடன் வாங்கிக் கழிப்பறை கட்டிய குடும்பத்துக்கு மதிப்பெண் கூடிவிடும். கூடினால் பட்டியலைவிட்டு விலகும் அபாயம். இன்னொரு பக்கம், ஒரு மாநிலத்தில் எத்தனை ஏழைகள் இருக்கலாம் என்ற உச்சவரம்பு திட்டக்குழுவின் மதிப்பீட்டிலிருந்து முன்கூட்டியே வந்தது. எண்ணிக்கை தில்லியில் முடிவாகி, பெயர்கள் கிராமத்தில் நிரப்பப்பட்டன. 2009-இல் என்.சி. சக்சேனா குழு இந்த முறையை ஆராய்ந்தது. உண்மையான ஏழைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். ஏழையல்லாத பலர் உள்ளே இருந்தார்கள்.

2. உறைந்த கணக்கு

ஒரு வாதத்துக்காக, பட்டியல் சரியாகவே போடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டே குடும்பத் தலைவருக்குப் பக்கவாதம் வருகிறது. ஆழ்துளைக் கிணறு வற்றுகிறது. மகனால் விட்ட வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அந்தக் குடும்பம் ஏழையாகிவிட்டது. பட்டியல் அப்படியே இருக்கிறது. 2002 பட்டியல் பத்தாண்டுக்கு மேல் பயன்பட்டது.

2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 விழுக்காடும் நகரங்களில் 50 விழுக்காடும் வரை மக்களைச் சேர்த்தது. பெரிய முன்னேற்றம்தான், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஏறத்தாழ 81 கோடிப் பேர் என்ற அந்த எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. மக்கள் பெருகியிருக்கிறார்கள், மாநிலங்களுக்குரிய ஒதுக்கீடு பெருகவில்லை. இப்படி வெளியே நிற்பவர்கள் 10 கோடிக்கும் அதிகம் என்று ழான் திரேஸ், ரீத்திகா கேரா ஆகிய பொருளியலாளர்கள் 2020 ஊரடங்குக் காலத்தில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

3. தணிக்கையின் ஒற்றைக் கண்

பட்டியலில் இரண்டு வகைப் பிழைகள் நேரும். தகுதியில்லாதவர் உள்ளே வருவது ஒன்று. தகுதியுள்ளவர் வெளியே நிற்பது மற்றொன்று. பாடப்புத்தகத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அலுவலகத்தில் அப்படி இல்லை. தகுதியில்லாத ஒருவருக்குப் பணம் போனால் அதற்குக் கோப்பு உண்டு, ரசீது உண்டு, தணிக்கைக் குறிப்பு உண்டு. கையெழுத்திட்ட அலுவலர் பதில் சொல்ல வேண்டும். தகுதியுள்ள ஒரு கைம்பெண் வெளியே நின்றால் அவர் பெயரில் கோப்பே இல்லை. யாரும் விளக்கம் கேட்கப்போவதில்லை. இந்த நிலையில் எந்த அலுவலரும் சந்தேகம் வந்தால் நீக்குவார், சேர்க்க மாட்டார். அவருடைய மனம் கல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்பாடே அப்படி.

ஜார்க்கண்டில் ஆதார் எண் இணைப்பையொட்டி 2016-க்கும் 2018-க்கும் இடையில் பெருந்தொகையான குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டன. போலி அட்டைகளை ஒழித்துவிட்டோம், இவ்வளவு கோடி மிச்சம் என்று அறிவிப்புகள் வந்தன. பிறகு கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நீக்கப்பட்ட அட்டைகளின் முகவரிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை உண்மையான குடும்பங்களுடையவை. மிச்சம் என்று அரசு எழுதிக்கொண்ட அரிசியில் இந்தக் குடும்பங்களின் அரிசியும் அடக்கம். ஆய்வாளர்கள் கதவைத் தட்டிய பிறகுதான் இது தெரிந்தது. ஒவ்வொரு திட்டத்திலும் யாராவது இப்படிப் போய்க் கதவைத் தட்டினார்களா?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2015 வரவுசெலவுத் திட்டத்தில் இந்திய அரசு செல்வ வரியை நீக்கியது. வசூல் செலவு அதிகம், வருவாய் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். பட்டாவும் பத்திரமும் பங்குக் கணக்கும் வங்கி லாக்கரும் உள்ள பெரும்பணக்காரர்களை அடையாளம் கண்டு மதிப்பிடுவது கட்டுப்படியாகவில்லை என்று கைவிட்ட அதே நிர்வாகம், ஒரு காகிதமும் இல்லாத பல கோடி ஏழைகளைத் துல்லியமாக அடையாளம் காண முடியும் என்று நம்புகிறது. இந்த முரண் எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது. பணக்காரரைப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் வரி அலுவலகம். ரேஷன் கடை வாசலில் அந்த வேலையைச் செய்வது கொடுமை.

4. யாருடைய குரல் கேட்கிறது

இனி அரசியலுக்கு வருகிறேன். இதுதான் என் வாதத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1997 ஜூனில் இந்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்தது. அதற்கு முன் கேரளத்தில் அனைவருக்குமான ரேஷன் மிகச் சிறப்பாக நடந்துகொண்டிருந்தது. பிரிவினைக்குப் பிறகு, கோட்டுக்கு மேல் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு விலை கூடியது. அவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். வியாபாரம் சரிந்து கடைக்காரர்கள் திணறினார்கள். ஏழைகளுக்கென்று மிஞ்சிய கடையும் பலவீனமானது. மதுரா சுவாமிநாதனின் ஆய்வுகள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன.

தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. கூடுதல் செலவை மாநிலமே தாங்கிக்கொண்டு எல்லா அரிசி அட்டைக்கும் ஒரே விலை என்று வைத்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. 2008-க்கு முன் ஒருமுறை இங்கும் ஆள் பொறுக்கிப் பார்த்தார்கள். மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களின் அட்டையில் ‘ஹெச்’ முத்திரை குத்தி அவர்களுக்குப் பொருள் கிடையாது என்றார்கள். மூத்தவர்களுக்கு அந்த முத்திரை நினைவிருக்கும். 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் ஆளுங்கட்சி ஓர் இடம்கூட வெல்லவில்லை. முடிவு வந்த சில நாட்களில் அந்த முத்திரை ரத்தானது. தேர்தல் தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் தோல்விக்குப் பின் அரசு திரும்பப் பெற்ற முடிவுகளில் இதுவும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஆசிரியர், அலுவலக எழுத்தர், சிறு கடைக்காரர் ஆகியோர் அட்டையும் கூலித் தொழிலாளியின் அட்டையும் ஒன்றாக இருந்ததால்தான் அது நடந்தது. அரிசியில் வண்டு இருந்தால் கேட்கிறவர், பருப்பு இன்னும் வரவில்லையா என்று அதட்டுகிறவர், தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதத் தெரிந்தவர் எல்லாரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் கேட்டு வாங்குவது ஏழைக்கும் கிடைக்கிறது.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் இதன் மறுபக்கம் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே அரிசிப் பங்கீடு தொடங்கியது, அனைவருக்கும் பொதுவானது. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் போயின. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1978-இல் அந்தப் பங்கீட்டை மாதம் 300 ரூபாய்க்குக் குறைவான வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1979-இல் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் மதிப்பு ரூபாயில் நிலையாக இருந்தது. விலைவாசி நிலையாக இல்லை. சில ஆண்டுகளில் அதன் வாங்கும் சக்தி பாதியாகத் தேய்ந்தது. 45 சத உயர்வுக்கு நாட்டையே நிறுத்திய மக்கள், பாதி உணவு மெல்ல மெல்லக் கரைந்தபோது அப்படி எழவில்லை. 1980-இன் பொது வேலைநிறுத்தத்தை அரசு ஒடுக்கியதும் அதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் இறங்கிக் கேட்கக்கூடிய நகர்ப்புற ஊழியர்களில் பலர் அப்போது திட்டத்துக்கு வெளியே போயிருந்தார்கள்.

அந்த 300 ரூபாய் வரம்பு மலையகத் தமிழருக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்டத் தொழிலாளியின் கூலி, செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் பதிவாகும். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என்று லயம் எனப்படும் வரிசை வீட்டின் ஓர் அறையில் உள்ள எல்லாருடைய கூலியும் எழுத்தில் இருக்கும். கூட்டினால் வரம்பைத் தாண்டிவிடும். கூட்டல் கணக்கில் யாரும் மறைக்க முடியாது. எழுத்தில் வராத வருமானம் உள்ளவர் தன் வருமானத்தைக் குறைத்துச் சொல்ல முடிந்தது. நாட்டிலேயே மோசமான ஊட்டக்குறைவு நிலவிய லயங்களில் பல குடும்பங்கள் முத்திரை இல்லாமல் நின்றன. கணக்கு சரியாக எழுதப்பட்டதற்காகத் தண்டனை பெற்றவர்கள் அவர்கள்.

5. செலவு, கசிவு, கடை

பணக்காரருக்கும் ஏன் அரிசி கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். நம் மாநிலத்தில் அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, எந்தப் பொருளும் வாங்காத அட்டை என்று வகைகள் உண்டு. வேண்டியதை மக்களே தேர்ந்துகொள்ளலாம். அடையாளத்துக்காக மட்டும் அட்டை வைத்திருப்பவர்கள் ஏராளம். வசதியுள்ளவர்களில் பலர் கடையில் நின்று அந்த அரிசியை வாங்குவதில்லை. யாரும் சான்றிதழ் கேட்காமலேயே பெரும்பகுதித் தேர்வு தானாக நடந்துவிடுகிறது.

ரேஷன் அரிசி கடத்தல் உண்மை. அண்டை மாநில எல்லைகளில் பிடிபடும் மூட்டைகளைப் பற்றி நாளிதழில் படிக்கிறோம். வாங்கியதை மாவு அரைப்பவர்களுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் கொடுப்பது ஒன்றே போதும் என்று நான் வாதிடவில்லை. கடையை யார் நடத்துகிறார் என்பது அதே அளவு முக்கியம். 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகத்தை அமைத்த தமிழ்நாடு, சில்லறைக் கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவு சங்கங்களிடம் வைத்தது. தனியார் வணிகரிடம் விடவில்லை. பொது விநியோகம் சீர்கெட்டுக் கிடந்த சத்தீஸ்கர் 2004-இல் ஆணை பிறப்பித்துத் தனியாரிடமிருந்து கடைகளை மீட்டு ஊராட்சிகளிடமும் மகளிர் குழுக்களிடமும் கூட்டுறவுகளிடமும் கொடுத்தது. பயனாளிகளின் வட்டத்தையும் விரித்தது. சில ஆண்டுகளில் நாட்டுக்கே முன்மாதிரியாகச் சொல்லும் அளவுக்கு மாறியது. ஏழை மாநிலத்தாலும் முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பொதுவான அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. 2021 பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அரிசி அட்டைகளுக்குத் தலா 4,000 ரூபாய், இரண்டு தவணையாக, ரேஷன் கடை வழியே கொடுக்க முடிந்தது. யாருக்கு என்று அப்போது உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தால் அலையே ஓய்ந்திருக்கும்.

6. பட்டியல் தவிர்க்க முடியாத இடம்

முதியோர் ஓய்வூதியம், வீடு, மாதந்தோறும் ரொக்கம் போன்றவற்றில் நிதி வரம்பு உண்மையானது. அங்கே என்ன செய்வது?

இந்தோனேசியாவில் 2005-இல் எரிபொருள் விலையை உயர்த்திவிட்டு ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பணம் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாதவர்கள் ஊர்த்தலைவர்களோடு மோதினார்கள். பிறகு 640 குக்கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. சில இடங்களில் வீடு, சொத்து அடையாளங்களை வைத்து மதிப்பிட்டார்கள்; சில இடங்களில் ஊர் கூடித் தங்களில் யார் ஏழை என்று வரிசைப்படுத்தினார்கள். செலவுக் கணக்கை வைத்து அளந்தால் ஊர்க்கூட்டம் சற்றுப் பின்தங்கியது. ஆனால் மக்களின் மனநிறைவு அங்கேதான் கூடுதல், முறையீடுகள் குறைவு. வறுமை என்று ஊர் எதைக் கருதுகிறது என்பதும் ஒரு தகவல் என்று அந்த ஆய்வு காட்டியது. இதை அப்படியே சாதி ஆட்சி செய்யும் நம் கிராமசபைக்கு எடுத்து வர எனக்குத் தயக்கம் உண்டு. சேரியில் உள்ளவரின் பெயரை ஊர் முன்மொழியுமா?

பிரேசில் வேறொரு பாதையில் போனது. அங்கே நலத்திட்டங்களுக்கு ஒரே பதிவேடு. வருமானத்தைக் குடும்பமே சொல்லலாம். 2011-இல் அதோடு ஒரு கடமையைச் சேர்த்தார்கள். பதிவேட்டுக்கு வெளியே இருக்கும் ஏழைகளை நகராட்சி ஊழியர்கள் தாமே தேடிப்போய்ப் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பிக்காதது உன் குற்றம் என்று சொல்லும் உரிமை அரசுக்குப் போய்விட்டது. என் கருத்தில், பட்டியல் போடும் எந்த நாடும் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

நம் மாநிலத்தில் அண்மையில் வந்த இரண்டு திட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். சான்றிதழ் இல்லை, விண்ணப்பம் இல்லை, வருமான வரம்பு இல்லை; பேருந்தில் ஏறினால் போதும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை, மாதம் ஆயிரம் ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; நன்செய் ஐந்து ஏக்கருக்கு, புன்செய் பத்து ஏக்கருக்கு மிகக் கூடாது; ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது; கார் கூடாது என்பவை அப்போது வைத்த விதிகள். 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். ஏற்கப்படாதவர்களுக்குக் குறுஞ்செய்தி போனது, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள், பிறகு பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். இந்தத் திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். உழைப்புக்கு ஊதியமே பார்த்திராத பெண்ணின் வங்கிக் கணக்கில் அவள் பெயரில் பணம் விழுவது பெரிய காரியம். மேல்முறையீட்டில் இத்தனை பேர் சேர்ந்தது, முதல் பட்டியலின் பிழை எவ்வளவு என்பதற்கும் அளவுகோல். ஒரே மின் இணைப்பில் மூன்று அடுப்பு எரியும் கூட்டுக் குடும்பத்துக்கு அந்த 3,600 யூனிட் எப்படிப் பொருந்தும்? அப்பா பெயரில் கூட்டுப் பட்டாவில் கிடக்கும் பங்கிடாத நிலம் யாருடைய நிலமாகக் கணக்கில் ஏறியது?

இதற்கு விடை அரசிடம் இருக்கும் தரவில் கிடைக்காது. மாணவ நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் பயன் பெற்றவர்களைப் பற்றிய இன்னொரு ஆய்வைத் தொடங்க வேண்டாம். அது நிறைய வந்துவிட்டது. ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களையும், விண்ணப்பமே போடாத வீடுகளையும் தேடிப்போங்கள். எந்த விதியால் யார் நின்றுபோனார், மேல்முறையீட்டுக்கு யாரால் போக முடிந்தது, யாரால் முடியவில்லை, அதற்கு எத்தனை நாள் கூலி போனது என்று வீடுவீடாக எழுதுங்கள். எழுதியதைத் துறையின் அலமாரியில் வைத்துவிடாமல் அந்தப் பகுதியின் வட்டாட்சியரிடமும் கொடுங்கள். அந்தக் குடும்பங்களுக்கு முதன்முறையாக ஒரு கோப்பு உண்டாகும்.